பூட்டுவில் வாக்கியங்கள்

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடியானவர்; வயது எழுபதுக்குக் குறையாது. தினந்தோறும் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பவர் என்பது இரண்டு நிமிஷப் பேச்சிலேயே தெரிந்தது. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டி, "ஐயா, நான் தோற்றுப் போய்விட்டேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், போகிறேன்" என்றார்.

அது ஒரு கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீசு. இங்கிலீஷில் அல்ல, தமிழில்தான் இருந்தது. அதிலிருந்த முக்கியமான வாக்கியம் இது: "மேற்படி எதிர்மனுதாரர், மனுதாரர், மனுவில் கண்ட சொத்தானது தமது தகப்பனார் கிரயம் பெற்றதென்று கூறியிருப்பதை மறுத்துத் தாம் தாக்கல் செய்த எதிருரையில் குறிப்பிட்டுள்ள, ஆனால் அதனுடன் இணைக்கப்படாத ஆவணங்களை, அடுத்த வாய்தாவுக்குள் தாக்கல் செய்யத் தவறும் பட்சத்தில், அவர் தரப்பு கேட்கப்படாமலேயே உத்தரவு பிறப்பிக்கப்படும்."

பெரியவர் இதை நான்கு தடவை படித்திருக்கிறார். பேரனையும் விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவர் மனத்தில் நின்றவை "கேட்கப்படாமலேயே உத்தரவு" என்ற இரண்டு சொற்கள்தாம். வழக்கு முடிந்துவிட்டது, இனிக் கோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை என்று தீர்மானித்துவிட்டார். வாய்தாவுக்கு அன்றைக்கு மூன்றே நாள் பாக்கி. பல வருஷம் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு இத்தகைய காகிதங்களோடு மாரடித்த நாமும் அதை இரண்டாம் முறை படித்த பிறகே அவருக்குப் பதில் சொன்னோம். "நீங்கள் எதிருரையோடு ஆவணங்களைச் சேர்க்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் அவற்றைத் தாக்கல் செய்யவேண்டும். செய்யாவிட்டால்தான் உங்கள் பேச்சைக் கேட்காமல் உத்தரவு போடுவார்கள்." இதற்கு இத்தனை பாடா என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

அவர் போன பிறகு அந்த வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தோம். அதில் ஒரு சொல்லாவது கடினமானது என்று சொல்ல முடியாது. கிரயம், வாய்தா, தாக்கல், ஆவணம் எல்லாம் அந்தப் பெரியவர் அன்றாடம் புழங்கும் சொற்களே. ஆனால் "எதிர்மனுதாரர்" என்று தொடங்கியவுடன், அவர் என்ன செய்தார் என்று தெரிவதற்குமுன் "மனுதாரர்" என்று இன்னொருவர் வந்து குறுக்கே நிற்கிறார். முதலில் வரும் "தமது" மனுதாரரைக் குறிக்கிறது. அடுத்து வரும் "தாம்" எதிர்மனுதாரரைக் குறிக்கிறது. எதிர்மனுதாரர் செய்யத் தவறும் காரியம் எதுவென்று வாக்கியத்தின் கடைசி வரிக்குப் போனால்தான் தெரியும். அதுவரையில் அவரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கவேண்டியது படிப்பவன் பொறுப்பு. குற்றம் சொல்லில் இல்லை, கட்டில் இருக்கிறது.

தமிழைச் சட்டத்துக்கும் சாஸ்திரத்துக்கும் உரியதாக்கவேண்டும் என்று பாடுபடும் அன்பர்கள் கமிட்டி கூட்டுவதும், அகராதி தொகுப்பதும், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு வடமொழிச் சொல்லா தனித்தமிழ்ச் சொல்லா என்று மல்லுக்கு நிற்பதும் நாம் நெடுங்காலமாகப் பார்த்து வரும் காட்சி. அவை வேண்டியவையே, நாமும் அந்தச் சண்டையில் கலந்துகொண்டதுண்டு. ஆனால் சொற்களை எந்த முறையில் அடுக்குவது என்பதைப் பற்றி அந்தக் கமிட்டிகளில் யாரும் பேசி நாம் கேட்டதில்லை. செங்கல்லைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருந்தோம். சுவர் கோணிக்கொண்டு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நன்னூலார் செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளை எட்டாக வகுத்தார். அவற்றில் ஒன்று பூட்டுவிற் பொருள்கோள். செய்யுளின் முதலில் நிற்கும் சொல்லும் கடைசியில் நிற்கும் சொல்லும் ஒன்றையொன்று தழுவிப் பொருள் தரும். நாணேற்றிய வில்லின் இரு முனைகளும் ஒன்றையொன்று நோக்கி வளைவதுபோல. நான்கு அடிச் செய்யுளில் இது அழகு. வில் சிறியது, கையில் அடங்கும். இன்று நமது கோர்ட்டுகளிலும் சர்க்கார் காரியாலயங்களிலும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம், பத்திரிகைகளிலும் எழுதப்படும் உரைநடை பெரும்பாலும் பூட்டுவில்லாகவே இருக்கிறது. எழுவாய் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளுகிறது. பயனிலை வாலில் தொங்குகிறது. நடுவே பதினைந்து வரி. இந்த வில்லை வளைக்க பீமன்தான் வரவேண்டும்.

இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, பாஷைகள் வாக்கியத்தை எவ்வாறு அடுக்குகின்றன என்று சிறிது பார்க்கவேண்டும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகிய மூன்றையும் ஆறு விதமாக அடுக்கலாம். உலகத்து பாஷைகளின் அமைப்பை ஆராய்ந்து தொகுத்த மாத்யூ டிரையர் என்ற அறிஞர் எடுத்துக்கொண்டவை ஏறக்குறைய 1,376 பாஷைகள். அவற்றில் 564 பாஷைகள் நம்மைப்போல் வினையைக் கடைசியில் வைப்பவை. ஜப்பானியம், கொரியம், துருக்கியம், ஐரோப்பாவின் ஒரு மூலையில் தனித்து நிற்கும் பாஸ்க் எல்லாம் இந்தக் கூட்டம். இங்கிலீஷைப்போல் வினையை நடுவில் வைப்பவை 488. வினையை முதலில் வைத்து, "வந்தான் ராமன்" என்பதையே இயல்பான நடையாகக் கொண்டவை 95. ஐரிஷும், வெல்ஷும், பழைய அரபியும் இவ்வகை. மற்ற மூன்று முறைகளும் மிக அபூர்வம். மீதியுள்ள 189 பாஷைகள் ஒரு முறைக்கும் கட்டுப்படாதவை. வினையைக் கடைசியில் வைப்பது ஏதோ கீழ்நாட்டாரின் விபரீதப் பழக்கம் என்று கல்லூரி நாட்களில் நம்மைப் படிப்பித்த வெள்ளைக்கார இலக்கணங்கள் ஜாடையாகச் சொல்லும். எண்ணிப் பார்த்தால் பெரிய கட்சி நமது கட்சியே.

வினை எங்கே நிற்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 1963-ஆம் வருஷம் ஜோஸப் கிரீன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் 30 பாஷைகளை ஒப்பிட்டு 45 பொது விதிகளை வெளியிட்டார். வினை கடைசியில் வரும் பாஷைகளில் "மேல்", "கீழ்", "உள்" முதலியவை பெயருக்குப் பின்னேதான் வரும், உடைமைப் பெயர் உடையதற்கு முன்னே வரும் என்பன போன்றவை அவற்றில் அடங்கும். பாரசீகம்போல் விதியை மீறும் பாஷைகளும் உண்டு. அது வினையைக் கடைசியில் வைத்தும் மற்றவற்றில் எதிர்த் திசையில் போகிறது. ஆயினும் பொதுவில் ஒரு பாஷையின் வீட்டில் எல்லாக் கதவுகளும் ஒரே பக்கமாகத் திறக்கும். "நேற்று வந்தவனுடைய அண்ணன் வீட்டுக் கூரை" என்கிறோம். இங்கிலீஷ்காரர் கூரையில் தொடங்கி, வீட்டுக்கு இறங்கி, அண்ணனைத் தொட்டு, வந்தவனைப் பிடித்து, கடைசியில் நேற்றைக்குப் போய்ச் சேருவார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல் வரிசை முழுவதும் தலைகீழ். நமக்குச் சார்ந்த சொல் முன்னே, தலைமைச் சொல் பின்னே. அவர்களுக்குத் தலைமைச் சொல் முன்னே, சார்ந்தவை பின்னே.

ஜெர்மன் பாஷைக்காரர் இரண்டு பக்கத்திலும் கால் வைத்திருப்பவர்கள். தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும்; சார்பு வாக்கியத்தில் கடைசிக்கு ஓடிவிடும். 1945 நவம்பர் 20-ஆம் தேதி நூரம்பர்க்கில் யுத்தக் குற்ற விசாரணை தொடங்கியபோது, இங்கிலீஷ், பிரெஞ்சு, ருஷ்யன், ஜெர்மன் என்ற நான்கு பாஷைகளிலும் பேச்சை உடனுக்குடன் பெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். பேசுபவர் வேகமாகப் பேசினால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கு. ஜெர்மனிலிருந்து பெயர்த்தவர்களுக்கு இருந்த பெருந் தொல்லை, சாட்சி ஒரு காரியத்தைச் செய்தானா, செய்ய மறுத்தானா என்பது வாக்கியத்தின் கோடியில் வரும் வினையைக் கேட்கும்வரையில் தெரியாது என்பதே. மனிதன் தலை போகும் வழக்கில் வினைக்காகக் காத்திருந்த அந்தப் பெயர்ப்பாளர்களின் நிலைமையை நமது வக்கீல்கள் எளிதில் ஊகிக்கலாம்.

அப்படியானால் வினையைக் கடைசியில் வைக்கும் பாஷை நினைவுக்குச் சுமைதானே என்று கேட்கலாம். இப்படியே 1960-இல் விக்டர் இங்வே என்ற அமெரிக்கர் வாதித்தார். சார்ந்தவற்றை முன்னே அடுக்கிக்கொண்டே போனால் மூளை தாங்காது என்பது அவர் கட்சி. ஜப்பானியரும் துருக்கியரும் தமிழரும் தினந்தோறும் மூச்சு வாங்காமல் அப்படிப் பேசி வருவதே அதற்குப் போதிய பதில். மூளை தாங்காதது வேறொன்று. ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியம், அதன் வயிற்றுக்குள் மற்றொன்று என்று அடைப்பதைத்தான் அது தாங்குவதில்லை. ஜார்ஜ் மில்லரும் நோம் சாம்ஸ்கியும் 1963-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். எல்லாப் பாஷைக்கும் இது பொது. கோர்ட்டுத் தமிழிலேயே உதாரணம் காட்டுவோம். "இன்ஸ்பெக்டர் முதல் சாட்சி எதிரி ஓடினான் என்று சொன்னதாகக் கூறினார்." மூன்று பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள், பிறகு மூன்று வினைகள் வருகின்றன. யாருடையது எது? இப்பொழுது பாருங்கள்: "எதிரி ஓடினான் என்று முதல் சாட்சி சொன்னதாக இன்ஸ்பெக்டர் கூறினார்." ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஒவ்வொருவனும் தன் வினைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான், அவ்வளவே. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் இந்த இரண்டாவது வாக்கியம் தடுமாறாது.

இங்கேதான் நமது நோய்க்கு மூலம் இருக்கிறது. இங்கிலீஷில் எழுவாய் வாக்கியத்தின் தலையில் நிற்கலாம். ஏனெனில் வினை அதை ஒட்டிக்கொண்டே வந்துவிடும். மனுதாரர் கூறுகிறார் என்று சொல்லிவிட்டு, என்ன கூறுகிறார் என்பதை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பின்னால் தொங்கவிடலாம். இங்கிலீஷ் படித்த நாம் அந்த எழுவாயை முன்னே வைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். வினையையோ நமது பாஷை கடைசியைவிட்டு நகர விடாது. அவர்கள் தலையும் நமது வாலும் சேர்ந்தால் வில் எப்படி நீளாமல் இருக்கும்? தமிழ் அறிந்த பாட்டி கதை சொல்லும்போது இவ்வாறு ஒருநாளும் சொல்லமாட்டாள். "காட்டிலே விறகு வெட்டப் போனவனுடைய பெண்டாட்டி" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, ஆளைக் கொண்டுவந்து வினைக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். ஆள் யாரென்று முன்பே தெரிந்திருந்தால் சொல்லவே மாட்டாள். "வந்தேன்" என்றாலே நான்தான், "வந்தோம்" என்றாலே நாம்தான். வினைமுற்றிலேயே எழுவாய் அடங்கியிருக்கும் பாஷைக்கு, எழுவாயைத் தலையில் சுமக்கவேண்டிய கட்டாயம் ஏது?

எழுவாய் முன்னே வரவே கூடாது என்று நாம் சட்டம் போடவில்லை. ஒருவனைக் குறித்தே பேச்சு என்று அழுத்தம் தரவேண்டிய இடத்தில் அவன் முன்னே வருவதுதான் முறை. வேற்றுமை உருபு நமக்குக் கொடுத்துள்ள சுதந்திரம் பெரிது. "ராமன் கந்தனை அடித்தான்", "கந்தனை ராமன் அடித்தான்" இரண்டிலும் அடி வாங்கியவன் கந்தனே. ஐ உருபு அவனோடு போகிறது. இங்கிலீஷில் இடம் மாற்றினால் அடியும் ஆள் மாறிவிடும். 1066-இல் நார்மானியர் படையெடுத்ததற்கு முன்னால் இங்கிலீஷிலும் பெயர்களுக்கு உருபுகள் இருந்தன. அவை தேய்ந்துபோன பிறகு இடத்தைக் கொண்டே பொருளை நிர்ணயிக்கவேண்டியதாயிற்று. அவர்களுக்கு நிர்ப்பந்தமாக அமைந்த வரிசையை நாம் நாகரிகம் என்று எண்ணிக் கடன் வாங்கினோம்.

நமது பாஷையில் ஆபத்தான இடங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை வேறு இடங்கள்; இங்கிலீஷ் படித்த கண்ணுக்கு எளிதில் தென்படாதவை. பெயரெச்சத்தைப் பாருங்கள். வெட்டிய ஆள், வெட்டிய அரிவாள், வெட்டிய மரம், வெட்டிய இடம், வெட்டிய நாள். "வெட்டிய" என்பது மாறவில்லை. பெயருக்கும் அதற்கும் உள்ள உறவு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறையும் இது தழுவும் என்று நன்னூல் எண்ணியே வைத்திருக்கிறது. இவ்வளவு சுருக்கமான கருவி இங்கிலீஷில் இல்லை. ஆனால் "கடன் கொடுத்த ஆள்" என்று எழுதிவிட்டு, கொடுத்தவன் யார் என்பதை முன் வாக்கியத்திலிருந்து ஊகித்துக்கொள்ள விட்டால், அந்த ஆள் கடன் கொடுத்தவனா வாங்கியவனா என்று பிறகு இரண்டு வக்கீல்கள் ஜீவனம் செய்யலாம். புலி கொன்ற யானை என்றால் செத்தது எது? இத்தகைய தொடர்களுக்குத் தடுமாறு தொழிற்பெயர் என்று தொல்காப்பியமே பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது.

அடை மொழியும் அவ்வாறே. "சென்னையிலுள்ள வீட்டையும் நிலத்தையும் இளைய மகனுக்கு எழுதி வைக்கிறேன்" என்று உயில் எழுதினால், நிலமும் சென்னையில்தான் இருக்கவேண்டுமா? செங்கற்பட்டிலுள்ள நாலு காணி யாருக்கு? இங்கிலீஷில் இந்தச் சந்தேகம் வாக்கியத்தின் பின்பக்கத்தில் வரும். நமக்கு முன்பக்கத்தில் வரும். இவ்வகைச் சந்தேகம் அற்பமானது என்று நினைப்பவர்கள் அயர்லாந்தின் ஸர் ரோஜர் கேஸ்மென்டை நினைவு கூரவேண்டும். அவர் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே சிறையிருந்த ஐரிஷ் யுத்தக் கைதிகளைச் சேர்த்துத் தம் நாட்டின் விடுதலைக்குப் படை திரட்ட முயன்றார். 1916-இல் ஊர் திரும்பியதும் பிடிபட்டார். அவர்மீது பிரயோகித்தது 1351-ஆம் வருஷத்து ராஜத்துரோகச் சட்டம். நார்மன் பிரெஞ்சில், நிறுத்தற்குறியே இல்லாமல் எழுதப்பட்டது. அரசனுடைய விரோதிகளைச் சார்ந்து நிற்பது, அவர்களுக்கு உதவி செய்வது என்ற இரண்டையும் சொல்லிவிட்டுக் கடைசியில் "அல்லது வேறெங்கும்" என்ற பொருள்படும் சொற்கள் வருகின்றன. இச்சொற்கள் உதவி செய்வதை மட்டும் தழுவுகின்றனவா, சார்ந்து நிற்பதையும் தழுவுகின்றனவா? மட்டும் என்றால், அந்நிய மண்ணில் செய்த காரியம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது அவர் வக்கீலின் வாதம். நீதிபதிகள் மூல ஏட்டையே போய்ப் பார்த்தார்கள். இரண்டையும் தழுவும் என்று தீர்ப்பாயிற்று. 1916 ஆகஸ்டு 3-ஆம் தேதி லண்டன் பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்று ஜனங்கள் இன்றும் அவரைச் சொல்லுகிறார்கள்.

நமது பழைய ஏடுகளிலும் நிறுத்தற்குறி கிடையாது. வினைமுற்றே முற்றுப்புள்ளி. நடுவே வரும் வினையெச்சங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இப்பொழுது அதைப் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிடுகிறோம். "எதிரி வந்து, திட்டி, அடித்தான்" என்றால் மூன்றையும் செய்தவன் ஒருவனே. செய்பவன் மாறினால் எச்சமும் மாறவேண்டும்: "மழை பெய்ய நெல் விளைந்தது." இந்த ஒரு வேறுபாட்டால், பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமலே யார் எதைச் செய்தான் என்பதைத் தமிழ் காப்பாற்றிக்கொண்டு போகிறது. குற்றப் பத்திரிகை எழுதுவதற்கென்றே அமைந்த கருவி என்று சொல்லலாம். ஆனால் "போலீசார் துரத்திச் சென்று திருடன் கிணற்றில் விழுந்தான்" என்று ஒரு நிருபர் எழுதியனுப்பினார். நாம் திருத்தாமல் விட்டிருந்தால், திருடனே போலீசாரைத் துரத்திக்கொண்டு போனதாக ஆகியிருக்கும்.

தமிழில் சட்டத்தை நுட்பமாக எழுத முடியாது என்று சொல்லும் கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை உத்தரமேரூருக்குப் போய்வரலாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், கிராம சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அங்கே கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை நிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவன், இன்ன வயதுக்கு மேற்பட்டு இன்ன வயதுக்கு உட்பட்டவன் என்று தகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே வருகின்றன. அத்தகையவர் பெயரைக் குடவோலைக்கு எழுதவேண்டும் என்பது பின்னே வருகிறது. முதற் சாசனத்தில் 30 முதல் 60 என்றிருந்த வயது இரண்டாவதில் 35 முதல் 70 என்று திருத்தப்பட்டது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கும் விதியும் அப்படியே. நிபந்தனை முன்னே, விதி பின்னே. இதுதான் தமிழின் இயல்பான ஓட்டம்.

மெக்காலேயின் சட்டமும் இந்த ஓட்டத்தில் நன்றாகவே போகும். 1860-இல் இயற்றி 1862 முதல் அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் 378-ஆம் பிரிவில் இருந்த திருட்டின் இலக்கணம் புதிய சட்டத்தின் 303-ஆம் பிரிவில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எவரேனும் என்று இங்கிலீஷில் தொடங்குகிறது, திருடுகிறான் என்று முடிகிறது, மற்றதெல்லாம் இடையில். இதை அந்த வரிசையிலேயே தமிழாக்கினால் பூட்டுவில்தான். நாம் இப்படிச் செய்வோம்: "ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற கருத்தோடு எடுத்துக்கொள்ள எண்ணி, அதற்காக அதை இடம் பெயர்ப்பவன் திருடியவன் ஆவான்." கருத்து, பொருள், வசம், சம்மதமின்மை, பெயர்த்தல் என்ற ஐந்து அங்கங்களில் ஒன்றும் விடுபடவில்லை. ஆளோ கடைசியில், தன் வினையோடு ஒட்டிக்கொண்டே வருகிறான். நமது பெரியவருக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால் வயல் வரப்பில் வைத்தே விளங்கிக்கொண்டிருப்பார்.

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் வந்ததன்று. யுத்தத்தில் தோற்ற ஜப்பானுக்கு 1946 பிப்ரவரியில் அமெரிக்க ஸேனாதிபதியின் காரியாலயத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இங்கிலீஷில் ஒரு அரசியலமைப்பை வரைந்து கொடுத்தார்கள். 1947 மே 3-ஆம் தேதி முதல் அது ஜப்பானிய வடிவத்தில் அமலில் இருக்கிறது. அதன் முகவுரையின் முதல் வாக்கியம் ஜப்பானிய மக்கள் என்று தொடங்கி, பல நோக்கங்களையும் உறுதிகளையும் கடந்து, இவ்வரசியலமைப்பை நிலைநிறுத்துகிறோம் என்ற வினையில் போய் முடிகிறது. அந்த நடை மொழிபெயர்ப்பு நடை என்று ஜப்பானியரே இன்றளவும் குறை சொல்லுகிறார்கள். நமது அரசியலமைப்பின் முகவுரையும் அவ்வித வில்தான். ஆனால் முகவுரை மந்திரம்போல் மனப்பாடம் ஆனது. வில் நீண்டாலும் நாண் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். வாய்தா நோட்டீசை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

சட்டத்தின் நிலைமை இன்று இவ்விதமிருக்கிறது. உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348-ஆம் ஷரத்து இங்கிலீஷை வைத்திருக்கிறது. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் உண்டு. 2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் பெயர்க்கப்பட்டு வெளிவருகின்றன. பெயர்ப்பதற்கு யந்திரமும் துணை செய்கிறது. யந்திரத்தை நாம் வெறுப்பவர்கள் அல்ல. ஆனால் யந்திரம் தமிழைக் கற்றுக்கொள்வது நாம் எழுதிக் குவித்துள்ள காகிதங்களிலிருந்துதான். நாம் பூட்டுவில்லையே எழுதி வைத்திருந்தால் அது நம்மைவிட வேகமாக, களைப்பில்லாமல், பூட்டுவில்லையே செய்துகொண்டிருக்கும். உயர்நீதிமன்றத்துக்குத் தமிழ் வரவேண்டும் என்ற கோரிக்கையில் நாம் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்ல. வந்தபிறகு குடியானவன் ஒருவன் தன் தீர்ப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒரு வக்கீலைத் தேடி ஓட நேர்ந்தால், அதைக் கொண்டுவந்து என்ன கண்டோம் என்று அவன் நம்மைத்தான் கேட்பான்.

நமது வீட்டையும் பார்த்துக்கொண்டோம். சென்ற வாரத்து இதழ்களைப் புரட்டியபோது, இந்தப் பக்கத்திலேயே ஒரு தலையங்கத்தில், மந்திரி ஒருவரை வாக்கியத்தின் தலையில் நிறுத்திவிட்டு, அவர் ராஜிநாமா செய்யவில்லை என்பதை எட்டாவது வரியில் சொல்லியிருக்கிறோம். "ராஜிநாமா செய்" என்பதுவரையில் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிய வாசகர் ஒருவர், மறுநாளே காரசாரமான கடிதம் எழுதிவிட்டார். அவர்மீது குற்றமில்லை. உதவியாசிரியர்களுக்கு இப்பொழுது ஒரு உத்தரவு போட்டிருக்கிறோம். எழுவாய்க்கும் அதன் பயனிலைக்கும் நடுவே இன்னொரு எழுவாய் வந்தால், முதல் எழுவாயைப் பெயர்த்தெடுத்து அதன் வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும். எதிர்மறை வினையில் முடியும் வாக்கியம் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. இன்னார் செய்தார் என்று சொல்லக்கூடிய இடத்தில், இன்னாரால் செய்யப்பட்டது என்று எழுதுபவருக்கு அன்று காப்பி கிடையாது.

பெரியவர் வாய்தாவுக்கு முதல் நாளே ஆவணங்களைத் தாக்கல் செய்துவிட்டார் என்று கடிதம் வந்திருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதைப்பற்றி மேலே ஒன்றும் எழுதுவதற்கில்லை. இத்தகைய நோட்டீசுகளும் உத்தரவுகளும் சர்க்கார் சுற்றறிக்கைகளும் வாசகர்களிடம் ஏராளமாக இருக்கும். அவற்றின் நகல்களை, ஆட்களின் பெயர்களையும் கோர்ட்டின் பெயரையும் அடித்துவிட்டு, நமது காரியாலயத்துக்கு அனுப்பி வைத்தால், வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, மூலத்தை ஒரு பத்தியிலும் திருப்பி எழுதியதைப் பக்கத்துப் பத்தியிலும் அச்சிடுவோம். நமது தலையங்கங்களிலிருந்து எடுத்து அனுப்பினாலும் ஆட்சேபமில்லை.